இரண்டு அலமாரிகளுக்கு நடுவே ஒரு வரி

பிப்ரவரி 4

இறைவா, தப்பில்லாமல் எழுத வை.

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். இத்துடன் இரண்டாம் கட்டு வருகிறது. இருபதாம் தாளிலிருந்து அறுபத்திரண்டு வரை, மொத்தம் நாற்பத்து மூன்று. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொள். ஒவ்வொரு தாளின் அடியிலும் வழக்கம்போல, புத்தகத்தில் எத்தனை வரி இருந்தது, நான் எத்தனை இடத்தில் திருத்தினேன் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

முதல் கட்டு பத்தொன்பது தாளுக்கே இவ்வளவு நாளா என்று கேட்டிருந்தாய். நூலகத்தில் அந்தச் சட்டப் புத்தகத்தை வீட்டுக்குத் தருவதில்லை. ஒரே ஒரு படிதான் இருக்கிறது, கடைகளிலும் இல்லை. நகலெடுத்த தாளை உங்கள் சிறை வாசலில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், கையெழுத்துத்தான் உள்ளே போகும். ஆகவே செவ்வாயும் வெள்ளியும் பேருந்தில் போய் ஜன்னலோர மேசையில் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்து அதைச் சுத்தப்படி எழுதுகிறேன். நான் படியேறும்போதே நூலகர் புத்தகத்தை மேசையில் வைத்துவிடுகிறார். போன வாரம், "என்னம்மா, வக்கீலாகப் போறீங்களா?" என்றார். "வக்கீலுக்கு அக்காவாகப் போறேன்" என்றேன்.

இருபத்துமூன்றாம் தாளை நிதானமாகப் படி. யாரைப் பற்றி முடிவெடுப்பதாக இருந்தாலும் முதலில் அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும், கேட்காமல் எடுத்த முடிவு நிற்காது என்று வருகிறது. எனக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. உன் அத்தானுக்கும் வாசித்துக் காட்டினேன். அதன் பலனை அனுபவித்தேன். ஒரு நாள் நாற்பத்தேழாம் தாளை அடுப்படியிலேயே வைத்து எழுதிக்கொண்டிருந்தேன், சோறு அடிபிடித்துவிட்டது. ஓடிப்போய் இறக்கிவைத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதி முடித்தேன். அத்தான் ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "சோத்தோட தரப்பையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

உன்னையும் அன்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். கிடங்கில் வந்து இறங்காத சரக்கை இறங்கியதாகக் கையெழுத்துப் போட்டாயா என்றதற்கு, "தெரிஞ்சேதான் போட்டேன்" என்றாய். எனக்கு அதில் வருத்தம் நிறைய, பெருமை கொஞ்சம். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

ஏப்ரல் ஆறாம் தேதி உங்கள் முதல் நிலைச் சட்டத் தேர்வு. ஒன்பது வாரம் இருக்கிறது. படி.

அக்கா

வரிகள் 29. திருத்தம் 1.


பிப்ரவரி 17

அக்காவுக்கு,

கடிதம் வந்தது, கட்டு வரவில்லை. கட்டுக்குப் பதிலாக ஒரு துண்டுச் சீட்டு வந்தது. "படிப்புத் தாள்களில் வழிபாட்டு வாசகம் உள்ளது. விளங்காத எண்கள் உள்ளன. நிறுத்தி வைக்கப்பட்டது."

கடிதப் பிரிவுக்குப் புதிதாக ஒரு அம்மா வந்திருக்கிறார். முன்பு இருந்தவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவார். இவர் படிக்கிறார். காவலர் எனக்காகப் போய்க் கேட்டார். அந்த அம்மா சொன்னதை அப்படியே வந்து நடித்துக் காட்டினார்: "பாடம்னா பாட அலமாரி. வழிபாடுன்னா வழிபாட்டு அலமாரி. ரெண்டுக்கும் ரெண்டு பதிவேடு. ரெண்டும் ஒரே தாள்ல இருந்தா நான் எங்க வைக்கிறது, என் தலையிலயா?"

நீ எழுதும் கடிதத்தின் தலைப்பில் அந்த 'இறைவா' வரி இருந்தால் பரவாயில்லையாம். பாடத்தின் தலைப்பில் இருக்கக் கூடாதாம். அடியில் நீ போடும் வரிக்கணக்கு ஏதோ ரகசியக் குறியீடு என்று சந்தேகம்.

எங்கள் வகுப்பு துணி மடிக்கும் கூடத்தின் மூலையில் நடக்கிறது. ஏழு பேர், ஒரு மேசை. புதன்கிழமை மட்டும் ஆசிரியை வெளியிலிருந்து வருவார். எங்களை அவர் "நீங்க" என்றுதான் கூப்பிடுவார். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். மற்ற நாட்களில் உன் தாளை நான் உரக்க வாசிப்பேன். படகோட்டி அண்ணனுக்கு எழுத்துத் தெரியாது, காதுதான் அவருக்குப் புத்தகம். பத்தொன்பதாம் தாள் வரை அவருக்கு மனப்பாடம். "இருபது எப்ப வரும்?" என்று தினமும் கேட்கிறார்.

அதனால் கேட்கிறேன். அந்த ஒரு வரியையும் எண்களையும் விட்டுவிட்டு மறுபடி எழுதி அனுப்ப முடியுமா? உன் இறைவன் ஒன்றும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. உண்மையைச் சொன்னால், நான் இங்கே வந்த நாளிலிருந்து அந்த வரியைப் படிக்காமல் தாண்டித்தான் போகிறேன். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

மேலே பார். வெறும் தாள். திருப்தியா?

நீ சொன்னபடி எழுதிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் மூன்று தாள், பதினெட்டுத் திருத்தம். ஒன்றைக் கிழித்தே போட்டேன். "பேனாவை மாத்திப் பாரேன்" என்றார் அத்தான். பேனா பேரில் குற்றமில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகை சுற்றி வந்த தாளையும் மருந்துச் சீட்டையும் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன் என்பது உனக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் உன் நோட்டைத் திருத்த ஒருவர் இருந்தார், சிவப்பு மையில் சுழித்தார். நான் எழுதியது சரியா தப்பா என்று சொல்ல யாரும் இருந்ததில்லை. அதனால்தான் அந்த இடத்தில் இறைவனை வைத்துக்கொண்டேன். பால்காரருக்கு எழுதும் சீட்டிலும் அந்த வரிதான் முதலில் வரும். அதை விட்டுவிட்டு எழுது என்பது, ஒரு கையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்பது மாதிரி இருக்கிறது.

நீ தாண்டிப் போகிறாய் என்பது எனக்கு எப்போதோ தெரியும். தாண்டுவதற்கும் அது அங்கே இருக்க வேண்டும் அல்லவா?

நம் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்கிற வழக்கமில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தாண்டிப் போனேன் என்பதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்.

ஏழு பேர் காத்திருக்கிறீர்கள் என்பதால் வரியில்லாமல் எழுதத்தான் செய்கிறேன். ஆனால் கணக்கைப் பார். அந்த நாற்பத்து மூன்று தாள் எனக்குப் பன்னிரண்டு வாரம் எடுத்தது. தேர்வுக்கு ஆறு வாரம்கூட முழுதாக இல்லை. அந்தக் கட்டை அவர்கள் தந்தால்தான் உண்டு.

அக்கா

வரிகள் 24. திருத்தம் 14.


மார்ச் 4

அக்காவுக்கு,

பதினான்கு திருத்தம் உள்ள உன் கடிதத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. அதைப் பார்த்தபோதுதான் பயம் வந்தது.

ஒரு தப்புச் செய்துவிட்டேன். இங்கே எந்தத் தாள் வந்தாலும் உரக்க வாசித்தே பழகிவிட்டேனா, உன் கடிதத்தையும் அப்படியே வாசிக்கத் தொடங்கிவிட்டேன். ஒரு கையைக் கழற்றி வைக்கும் இடத்துக்கு வந்தபோதுதான் இது பாடமில்லை என்று உறைத்தது. நிறுத்தினேன். ஆறு பேரும் விடவில்லை. முழுவதும் கேட்டுவிட்டு என்னை ஒரு பிடி பிடித்துவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் இருக்கும் தையற்காரர் உன்னைப் போல வணங்குபவர் இல்லை. அவர் முறை வேறு, நேரம் வேறு. அவர்தான் முதலில் பேசினார். "அவங்க கும்பிடுறது வேற, நான் கும்பிடுறது வேற. ஆனா தப்பில்லாம வரணும்னு நானும் கத்திரி எடுக்கும்போதெல்லாம் கேக்குறேன். வெட்டின துணி ஒட்டாதுப்பா."

"நான் யார்கிட்டயும் கேக்குறதில்லை" என்றேன்.

"கேக்காததாலதான் இங்க வந்து மடிச்சுக்கிட்டிருக்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப நீ ஏன் மடிக்கிற?" என்று நான் கேட்டதும் இன்னும் சிரித்தார்கள்.

படகோட்டி அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "தம்பி, நீ கும்பிடாத ஆளு. சரி. நான் படிக்காத ஆளு. என்னைய வகுப்புல சேத்துக்கிட்டீங்கல்ல? அந்த வரியையும் சேத்துக்கயேன். அது என்ன இடத்தையா அடைக்குது?" என்றார்.

பேனாவை எடுத்தேன்.

மனு எழுதினோம். வரியை நீக்காமல் தாள்களைத் தரும்படி கேட்டிருக்கிறோம். கும்பிடாத ஒரே ஆள் நான்தான், எழுதியதும் நான்தான். ஏழு பேரும் முதலில் பெயரும் பிறகு எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். படகோட்டி அண்ணன் கைரேகை வைத்தார். வைக்குமுன் முழுவதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். வைத்த பிறகு, "என் விரலை எவன் மதிக்கப் போறான்? பரீட்சைக்குப் பேர் குடுத்தப்பவும் விரல்தான் வெச்சிருக்கேன். ஒரு நாள் வந்து செல்லாதுன்னு சொல்லிடுவாங்க, பாரு" என்று கையைத் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு பயத்தில்தான் அவர் ஒவ்வொரு வாரமும் வகுப்பை விட்டுவிடப் பார்க்கிறார்.

இதில் ஒரு வேடிக்கை. எங்களைக் கேட்காமல் நிறுத்தியது தப்பு என்று சட்டத்தைக் காட்டி எழுதலாம் என்று பார்த்தோம். காட்ட வேண்டிய சட்டம் இருபத்துமூன்றாம் தாளில் இருக்கிறது. இருபத்துமூன்றாம் தாள் அந்த அம்மாவின் மேசையில் இருக்கிறது.

தாண்டிப் போகிறேன் என்று எழுதியது தப்பு. திருத்தம் 1.

தம்பி


மார்ச் 13

இறைவா, தப்பில்லாமல் எழுத வை.

தம்பிக்கு,

நேற்று உங்கள் கடிதப் பிரிவிலிருந்து வரச் சொல்லி அழைப்பு வந்தது, போனேன். நீ உள்ளே, நான் அலுவலகத்தில், நடுவே இரண்டு சுவர்தான். ஆனாலும் உன்னைப் பார்க்கிற நாள் இல்லை என்றார்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

சின்ன அறை. சுவரோடு சுவராக இரண்டு சாம்பல் நிற இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. நடுவே ஒரு முழம் இடைவெளி, அதில் துடைப்பம் சாத்தியிருந்தது. மேசைமேல் என் தாள்கள். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பென்சில் புள்ளிகள். அந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருக்கிறார்.

"எல்லாம் நீங்க எழுதினதா?"

"ஆமா மேடம்."

"இந்த நம்பரெல்லாம் என்ன?"

"புத்தகத்துல எத்தனை வரியோ, அத்தனை வரி. அதே மாதிரி மடக்கி மடக்கித்தான் எழுதுவேன். ஏதாவது விட்டுப்போச்சுன்னா தெரியணும்ல?"

"அவ்வளவுதானா?" அவர் முகம் வாடிப்போனது. "நாலு நாள் இதை உடைக்கப் பார்த்தேன்மா. கூட்டிப் பார்த்தேன், கழிச்சுப் பார்த்தேன். எங்க வீட்டுக்காரர் தினம் குறுக்கெழுத்துப் போடுறவர், அவர்கிட்ட எண்ணை மட்டும் சொல்லிக் கேட்டேன். 'யாரோ ரொம்பக் கெட்டிக்காரன்'னார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை.

பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். இருபத்துமூன்றாவது. "குறியீடு கிடைக்கலைன்னதும் சும்மா படிக்க ஆரம்பிச்சேன். இங்க வந்து நின்னுட்டேன். கேட்காமல் எடுத்த முடிவு நிற்காதுன்னு எழுதியிருக்கீங்க. நான் உங்களைக் கேக்கவே இல்லையே. அதான் வரச் சொன்னேன்."

தம்பி, நீங்கள் காட்ட முடியாமல் தவித்த தாள் தன்னைத்தானே காட்டிக்கொண்டது.

அந்த வரியை ஏன் எழுதுகிறேன் என்றும் கேட்டார். உனக்குக் கோபமாக எழுதியதை அவரிடம் அமைதியாகச் சொன்னேன். எழுதப் படிக்கச் சொல்லித்தர எனக்கு ஆளில்லை, இறைவன்தான் என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டைப் புரட்டினார். பிறகு, "நாப்பத்தேழாவது தாளை எண்ணுங்க" என்றார்.

எண்ணினேன். அடியில் முப்பது என்று போட்டிருக்கிறேன். இருபத்தொன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினேன். அதே இருபத்தொன்பது.

"ஒவ்வொரு தாளையும் எண்ணினேன். ரகசியம் தேடித்தான். இது ஒண்ணுலதான் கணக்கு உதைச்சது" என்றார்.

என் பையில் நூலக நோட்டு இருந்தது. எடுத்து ஒப்பிட்டோம், இரண்டு தலையும் ஒரே தாள்மேல். நான் அனுப்பிய தாளில் இப்படி இருந்தது: "எழுதப் படிக்கத் தெரியாதவர் வைக்கும் கைரேகை செல்லாது." நோட்டில் நடுவே ஒரு வரி இருந்தது: "வாசித்துக் காட்டிப் புரியவைக்காமல் வாங்கப்பட்டிருந்தால்."

சோறு அடிபிடித்த நாள் அது. அடுப்புக்கு ஓடிவிட்டு வந்தவள் ஒரு வரி தள்ளி உட்கார்ந்திருக்கிறேன்.

உன் படகோட்டி அண்ணன் ஞாபகம் வந்தது. அந்தத் தாள் பிப்ரவரியிலேயே உன் கைக்கு வந்திருந்தால் நீ அதை அப்படியே உரக்க வாசித்திருப்பாய். அவர் எழுந்து போயிருப்பார். இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்த அந்த விரலை என் கையெழுத்தே செல்லாததாக்கியிருக்கும்.

தப்பில்லாமல் எழுத வை என்று கேட்டேன். தப்பு வந்தது. அதைக் கண்டுபிடிக்க ஒருவர் என் தாள்களை ஐந்து வாரம் பிடித்து வைத்து வரி வரியாக எண்ண வேண்டியிருந்தது. கேட்டது கிடைத்தது, வந்த வழிதான் சுற்றுவழி. நீ இதைத் தற்செயல் என்பாய். சொல்லிக்கொள்.

அவர் எதிரிலேயே அந்த வரியை இடுக்கில் எழுதிச் சேர்த்தேன். திருத்தம் 1 என்றிருந்ததை 2 ஆக்கினேன். அவர் உங்கள் மனுவின் பின்பக்கம் எழுதினார்: "எழுதியவரைக் கேட்டேன். வேண்டுதல் அவருடையது. பாடம் பாடமாகவே இருக்கிறது. அனுமதிக்கலாம்." கண்காணிப்பாளர் அறைக்கு எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். கட்டை எந்த அலமாரியில் வைப்பது என்று திரும்பவும் யோசித்தார். கடைசியில் நடுவே இருந்த துடைப்பத்தை எடுத்து மூலையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் வைத்தார்.

அக்கா

வரிகள் 58. திருத்தம் 0. இரண்டு முறை எண்ணினேன்.


மார்ச் 20

அக்காவுக்கு,

வந்துவிட்டது. நாற்பத்து மூன்றும் இருக்கிறது.

வரிசைப்படிதான் வாசிக்க வேண்டும் என்று நீ சொல்வாய். இவர்கள் கேட்கவில்லை, நாற்பத்தேழைத்தான் முதலில் வாசிக்கச் சொன்னார்கள். இடுக்கில் நீ எழுதிய வரிக்கு வந்ததும் படகோட்டி அண்ணன், "நில்லு. திரும்ப" என்றார். மூன்று தடவை வாசித்தேன். அவர் கட்டைவிரலைத் தூக்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அப்ப இது செல்லும்" என்றார். வாசலில் நின்ற காவலர், "செல்லும் அண்ணே, செல்லும், கையை இறக்குங்க" என்றார். அந்த ஆள் கைதியை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

தேர்வில் படகோட்டி அண்ணன் சொல்லச்சொல்ல எழுத ஒரு ஆள் வேண்டும். அலுவலகத்தில் யார் முன்வந்தார் என்று நினைக்கிறாய்? கடிதப் பிரிவு அம்மா. பழகிக்கொள்ள ஒரு நாள் கூடத்துக்கு வந்தார். படகோட்டி அண்ணன் அவரிடம், "உங்களுக்கு வேகமா எழுத வருமாம்மா? நான் நிறுத்த மாட்டேன்" என்று விசாரித்துக்கொண்டார்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. தேர்வுத் தாளின் தலைப்பில் உன் வரியை எழுதட்டுமா? எனக்காக இல்லை. அதை எழுதாமல் விடையெழுதினால் பதினான்கு திருத்தம் வந்துவிடுமோ என்று ஒரு இது.

தம்பி


மார்ச் 29

இறைவா, தப்பில்லாமல் எழுத வை.

தம்பிக்கு,

எழுதாதே.

நூலகத்தில் தேர்வு விதிகளையும் தேடிப் படித்தேன். விடையைத் தவிர வேறு பெயரோ குறியோ வேண்டுதலோ இருந்தால் அந்தத் தாளைத் திருத்த மாட்டார்கள். நீ இதற்கு ஒரு மனு எழுதக் கிளம்பிவிடாதே. அலமாரி விதி வேறு, இது வேறு. திருத்துகிறவருக்கு நீ யார், எங்கிருந்து எழுதுகிறாய், யாரை வணங்குகிறாய் என்று ஒன்றும் தெரியக் கூடாது என்பதற்காக வைத்த விதி இது. நன்றாக யோசித்துப் பார். அந்த மூன்று மணி நேரமும் அந்தத் தாளில் நீ கைதி இல்லை. ஊரில் எத்தனை பேர் எழுதுகிறார்களோ அவர்களில் ஒருவன். அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

ஆறாம் தேதி காலையில் அந்த வரியை நான் இங்கே எழுதி வைக்கிறேன். ஏழு பேருக்கு ஏழு தாள். தையற்காரரிடம் கேட்டுச் சொல், அவருக்கு அவர் முறையில் எப்படி எழுத வேண்டுமோ அப்படி எழுதுகிறேன். அவர் வேண்டாம் என்றால் அவர் தாளை வெறுமையாக வைக்கிறேன்.

அன்று சோறு அத்தான் வடிப்பதாக ஏற்பாடு.

அக்கா

வரிகள் 19. திருத்தம் 0.


ஜூன் 2

அக்காவின் இறைவா, தப்பிருந்தால் சொல்.

அக்காவுக்கு,

முடிவு வந்துவிட்டது. ஏழு பேரில் ஆறு பேர் தேறினோம். தையற்காரருக்கு இரண்டு மதிப்பெண் குறைந்துவிட்டது. நாங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவரிடம் போனால், "அளவு ரெண்டு அங்குலம் கம்மி. பிரிச்சுத் தைச்சாப் போச்சு" என்று எங்களைத் தேற்றினார். செப்டம்பரில் மறுபடி எழுதுகிறார். அவர் முறைப்படி நீ எழுதி வைத்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார், அதையே பயன்படுத்திக்கொள்ளலாமாம்.

எனக்கு அறுபத்தெட்டு. படகோட்டி அண்ணனுக்கு எழுபத்தொன்று. இதை அவர் காலையிலிருந்து பதினொரு தடவை விசாரித்துவிட்டார். "தம்பி, உனக்கு எவ்வளவுன்னு சொன்ன?"

தேர்வு எப்படிப் போனது என்று ஏப்ரலில் எழுதினேன். ஒன்றை மட்டும் மறைத்தேன், முடிவு வரட்டும் என்று. இரண்டாம் கேள்வி: கேட்காமல் முடிவில்லை என்பதை ஓர் உதாரணத்துடன் விளக்குக. நான் இந்தத் தாள்களின் கதையை, எங்கே நடந்தது என்று சொல்லாமல் எழுதினேன். பக்கத்து மேசையில் படகோட்டி அண்ணன் சொல்வது என் காதில் விழுந்தது. "ஒரு வீட்டுல சோறு அடிபிடிச்சுப் போச்சு. வீட்டுக்காரர் சோத்தைத் திட்டினாரு. ஆனா அடுப்புக்கிட்ட யாரு இருந்தா, என்ன எழுதிக்கிட்டிருந்தாங்கன்னு அவரு கேக்கலை..." கடிதப் பிரிவு அம்மா பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினார். சொன்னதைத்தான் எழுத வேண்டும், சிரிக்கக் கூடாது என்பது விதியாம்.

ஆகவே உன் வீட்டுச் சோறு எழுபத்தொன்று வாங்கியிருக்கிறது. அத்தானிடம் சொல்.

அடுத்த நிலைக்கு நாங்கள் ஆறு பேரும் பெயர் கொடுத்துவிட்டோம். புதிதாக ஒன்பது பேர் சேர்கிறார்கள், மேசை போதாது. அந்தக் காவலரும் ஓரமாக நின்று கேட்கலாமா என்றார். நிற்க வேண்டாம், உட்காருங்கள் என்றோம். அதற்கு வேண்டிய புத்தகமும் நூலகத்தில் ஒரே படிதானாம், நூற்றுத் தொண்ணூறு பக்கம். அதைப் பற்றி உன்னிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தெரிவித்தேன், அவ்வளவுதான்.

மேலே நான் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதே. அவர் இன்னும் உன்னுடையவர்தான். இரவல் வாங்கியிருக்கிறேன்.

தம்பி

வரிகள் 31. திருத்தம் 1.

(அடியில், பென்சிலில், வேறு கையெழுத்து)

எண்ணிப் பார்த்தேன். முப்பதுதான் இருக்கிறது. விட்டுப்போன வரி என்ன என்று உங்கள் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டேன், கேட்காமல் முடிவு செய்யக் கூடாதே. சிரிக்கிறார், சொல்ல மாட்டேன் என்கிறார். நன்றியாக இருக்கலாம்.

— கடிதப் பிரிவு